கோபம் வந்த வீரனா, களைத்துப்போன வீரனா? திருவிழா நாடகத்துச் சண்டையை எப்படி முடிப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற ஊரில் கோயில் திருவிழாவுக்கு நாடகம் போடுவதென்று முடிவானால், வசனத்துக்கு முன்பே ஒரு வாக்குவாதம் வந்துவிடும். "பீமனுக்குக் கோபம் வந்தா எதிர்ல எவன் நிப்பான்?" என்பார் ஒருவர். "நாள் கணக்கா சண்டை போட்டா பீமனுக்கும் மூச்சு வாங்கும் அண்ணே" என்பார் இன்னொருவர். கோப்பி ஆறிப்போகும். முடிவு மட்டும் வராது.

வெறும் அரட்டையாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். கதை எழுதுகிறவருக்கும் சண்டை பழக்குகிற மாஸ்டருக்கும் அது கட்டாது. ஒத்திகை தொடங்கும் முன்பே முடிவெடுத்தாக வேண்டும், ஏனென்றால் எந்த ஆயுதம், எத்தனை நொடி, யார் நடிப்பது என்ற மூன்றும் அதைப் பொறுத்துத்தான் அமையும். வழிகள் பொதுவாக மூன்று. கோபம் ஒருவனை வெல்ல வைக்கலாம், கோபமே அவனைத் தோற்கடிக்கலாம், அல்லது களைப்பு தீர்ப்புச் சொல்லலாம். எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சண்டையின் எலும்பு களைப்பாக இருக்கட்டும். கோபத்தை ஓரிடத்தில் மட்டும், அளவோடு வையுங்கள்.

முதலில் உடம்புக் கணக்கு

இரண்டையும் எதிரும் புதிருமாக நிறுத்துவதுதான் வாதத்தில் நடக்கும் முதல் பிசகு. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவும் செலவும்.

முழு வேகத்தில் இயங்கும் தசைக்குள் உடனடிக் கையிருப்பாக இருப்பது பாஸ்போகிரியேட்டின். அது ஏறக்குறைய 10 விநாடிக்குத்தான் வரும். அடுத்த ஒன்று, ஒன்றரை நிமிடத்தை உடம்பு பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்து ஓட்டுகிறது. அதற்கப்புறம் மூச்சு கொண்டுவந்து கொடுப்பதுதான் செலவுக்கு. கோபம் வரும்போது அட்ரினலின் ஏறுகிறது. இதயம் வேகமாக அடிக்கும், பெரிய தசைகளுக்கு ரத்தம் பாயும், வலி மரத்துப்போகும், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். அந்த நேரத்துக்கு ஆள் பலசாலிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இதில் புதிதாகச் சம்பாதித்தது எதுவும் இல்லை, சேமிப்பைத் திறந்துவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். கடையில் பற்று எழுதிச் சாமான் வாங்குவது மாதிரி. அரிசி மூட்டை அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும், சம்பள நாளில் கணக்கு நேராகும்.

குத்துச்சண்டையில் ஒரு சுற்றுக்கு 3 நிமிடம், நடுவில் 1 நிமிட ஓய்வு. வாள்வீச்சு விளையாட்டின் தனிநபர் வெளியேற்றுச் சுற்றிலும் அதே கணக்கு: 15 தொடுகை அல்லது மூன்று தடவை 3 நிமிடம், இடையிடையே 1 நிமிடம். பயிற்சி பெற்ற இளவயதுக்காரர்களுக்கே இதுதான் அளவு. அப்படியிருக்க, எட்டு நிமிடம் இடைவிடாமல் முழு வேகத்தில் வாள் மோதுகிறது என்று எழுதினால், எழுதியவர் ஒரு தடவைகூட மூச்சு வாங்கியதில்லை என்றுதான் பொருள்.

வெயிலையும் சேர்க்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை கொட்டும், காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. எடையில் 2 விழுக்காடு நீர் போனாலே தாங்குசக்தி குறையத் தொடங்கும். 70 கிலோ ஆளுக்கு அது 1.4 கிலோ. ஆனால் இதை அப்படியே குருக்ஷேத்திரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். போர் தொடங்கும் நாளில் சொன்ன கீதைக்கு ஜெயந்தி கொண்டாடும் மார்கசீர்ஷ மாதம் என்பது நவம்பர், டிசம்பர். ஹரியானாவில் அது குளிர்காலம். "சுட்டெரிக்கும் வெயிலில் பார்த்தன்" என்று எழுதப்பட்ட வசனங்களைக் கேட்கும்போதெல்லாம் யாராவது அவனுக்கு ஒரு போர்வை கொடுத்தால் தேவலை என்று தோன்றும்.

கோபம் வெல்ல வைக்கிறது

கூட்டத்துக்கு மிகவும் பிடித்த வழி இது. அடிபட்டுக் கீழே கிடக்கும் நாயகனுக்குத் தாயின் முகமோ தங்கையின் கண்ணீரோ நினைவுக்கு வரும், மேளம் உச்சத்துக்குப் போகும், எழுந்து நாலே அடியில் கதையை முடிப்பான். கைதட்டு உறுதி. வாதத்தில்தான் இது நிற்காது, ஏனென்றால் முந்திய ஐந்து நிமிடம் வாங்கிய அடிக்கு என்ன கணக்கு என்று யாராவது கேட்பார்கள்.

பீமன்-துரியோதனன் கதாயுதப் போரைத்தான் இதற்குச் சாட்சிக்கு இழுப்பார்கள். அந்தச் சாட்சியை நன்றாக விசாரித்தால் எதிர்த்தரப்புக்குப் பேசும். சூதாட்ட மண்டபத்தில் போட்ட சபதத்தைப் பீமன் 13 ஆண்டுக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறான். கோபத்தில் அவனை விஞ்ச ஆளில்லை. துரியோதனனோ அதே 13 ஆண்டு பீமனைப் போல இரும்பில் உருவம் செய்து வைத்து அதன்மேல் கதை பழகியவன். முறைப்படி மோதினால் பீமன் வெல்ல மாட்டான் என்று கிருஷ்ணனே சொல்கிறான். அர்ஜுனன் தன் தொடையைத் தட்டிக் காட்டுகிறான். நாபிக்குக் கீழே அடிக்கக் கூடாதென்ற விதியை மீறித்தான் சண்டை முடிகிறது. கலப்பையைத் தூக்கிக்கொண்டு பலராமன் எழுந்து வருவதும் அதனால்தான். சபதத்தை நிறைவேற்றியது கோபம் என்று வேண்டுமானால் சொல்லலாம். பழக்கத்தை அது வென்றதாகக் காவியம் எங்கேயும் சொல்லவில்லை.

இந்த வழி பொருந்தும் இடம் வேறு. திரௌபதியிடம் அத்துமீறிய கீசகனைப் பீமன் கொல்வதைப் பாருங்கள். இருட்டு, நடனசாலை, படுக்கையில் திரௌபதி இருப்பாள் என்று நம்பி வந்தவன், ஆயுதமில்லாத கைகள். எதிராளி தயாராக இல்லை, இடம் குறுகல், பெரிய தசைகளுக்குத்தான் வேலை, நுணுக்கத்துக்கு இல்லை. கோபம் சரியான கூலி வாங்கும் இடம் அதுதான். உங்கள் காட்சியில் இந்த நிபந்தனைகள் இருந்தால் தாராளமாக முதல் வழியை எடுக்கலாம். அப்போதும் வெறி வெடிக்கும் பகுதியை 10 விநாடிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் நீண்டால் நடிகருக்கே மூச்சு வாங்கும், வெறி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

கோபம் தோற்க வைக்கிறது

உடற்கூற்றின்படி இது வலுவான வழி. சிலம்பம் தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கோபம் வந்தால் பிடி இறுகும். பிடி இறுகினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். மணிக்கட்டு சுழலாவிட்டால் கம்பு சுழலாது, வெறும் உலக்கையாகிவிடும். கூடவே வீச்சு அகலமாகும், ஒரே பக்கத்திலிருந்து இரண்டு மூன்று அடி தொடர்ந்து வரும், காலடி வரிசை மறந்து ஆள் நேராக உள்ளே பாய்வான். பார்வை குறுகி எதிராளியின் ஆயுதத்தையே வெறிக்கும், அவன் காலைப் பார்க்காது. எழுதுகிறவருக்கு இவ்வளவும் கையில் கிடைத்த சரக்கு. கோபம் என்றால் கத்தல் என்று எழுதுவதை விட்டுவிட்டு இந்த ஐந்தையும் எழுதினாலே காட்சி மாறிவிடும். கத்தினால் வேறென்ன, இருக்கும் மூச்சும் போகும்.

உண்மைக் களத்திலிருந்து ஒரு சான்று. 1974 அக்டோபர் 30, கின்ஷாசாவில் நடந்த குத்துச்சண்டை. 25 வயது ஜார்ஜ் ஃபோர்மன், 32 வயது முகமது அலி. அதற்கு முன் ஃபிரேசியரையும் நார்ட்டனையும் ஃபோர்மன் இரண்டாம் சுற்றிலேயே முடித்தவர், நீண்ட சண்டைக்கு அவர் உடம்பு பழகியிருக்கவில்லை. அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு, கைகளால் முகத்தை மூடி, காதோரம் சீண்டிக்கொண்டே அடி வாங்கினார். எட்டாம் சுற்றில் ஃபோர்மன் விழுந்தார். இதில் கவனிக்க வேண்டியது, சீண்டலுக்கு அலி கொடுத்த விலை. ஏழு சுற்று விலாவில் குத்து. நாடகங்களில் சீண்டுகிறவன் மீசையை முறுக்கிக்கொண்டு இரண்டு வசனம் பேசுவான், மற்றவன் புத்தி கெட்டு ஓடிவந்து விழுவான். அது மலிவு. சீண்டுகிறவனும் அடி வாங்கினால்தான் சூழ்ச்சிக்கு எடை வரும்.

மலாய்க் கதையின் நண்பர்களான ஹாங் துவா, ஹாங் ஜெபாட் சண்டையையும் நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிடுவதால் அது கட்டாயம் வாதத்துக்கு வரும். நண்பனுக்கு நேர்ந்த அநியாயத்துக்காக ஜெபாட் சீறி எழுகிறான், அரண்மனையைப் பிடித்துக்கொள்கிறான். ஹிகாயாட் ஹாங் துவா என்ற மலாய் ஏடு சொல்லும்படி, தாமிங் சாரி என்ற கிரிஸ் (குறுவாள்) அவன் கையில் இருக்கும்வரை அவனை அசைக்க முடியவில்லை. துவா அதைத் தந்திரமாகத் திரும்ப வாங்கிய பிறகுதான் காயம் விழுகிறது. காயத்தோடு ஜெபாட் ஊருக்குள் அமோக் (கண்டவரையெல்லாம் வெட்டும் வெறியாட்டம்) எடுத்துவிட்டு, கடைசியில் துவாவின் மடியிலேயே சாகிறான். (செஜாரா மெலாயு என்ற இன்னொரு மலாய் ஏட்டில் அந்த இடத்தில் வருவது ஹாங் கஸ்தூரி. மேடையில் பெயரை மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்ளாமல், எந்த ஏட்டைப் பின்பற்றுகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.) ஜெபாட் தோற்றது கோபத்தாலா, ஆயுதம் கைமாறியதாலா என்று கேட்டால் ஆயுதத்தால்தான் என்போம். ஆனால் காயத்தைப் பொருட்படுத்தாமல் ஊருக்குள் பாய்ந்தானே, அது கோபத்தின் வேலை. வலி மரத்துப்போவது எவ்வளவு ஆபத்தான வரம் என்பதற்கு அதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

இந்த வழியின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை. உபதேசமாகிவிடும். கோபக்காரன் விழுந்த அடுத்த நொடி யாராவது மைக்கைப் பிடித்து, சினத்தைக் காக்கச் சொல்லும் 305ஆம் குறளைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சண்டை முடியுமுன்பே முடிவு தெரிந்துவிடுவதால் பின்வரிசைக்காரர்கள் கச்சான் வாங்க எழுந்துவிடுவார்கள்.

களைப்பு தீர்ப்புச் சொல்கிறது

காவியங்களைப் பொறுமையாகப் புரட்டினால் இந்த வழிதான் அடிக்கடி கண்ணில் படும், நாடகக்காரர்கள்தான் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஜராசந்தனோடு பீமன் போட்ட மல்யுத்தம் வியாசர் கணக்கில் 14ஆம் நாள் இரவுவரை போகிறது. அன்றைக்குத்தான் ஜராசந்தன் தளர்கிறான். தளர்ந்தவனை மேலும் நெருக்கினால் உயிரே போய்விடும் என்று கிருஷ்ணன் இரக்கப்படுவது போலச் சொல்கிறான். பீமனுக்கு அது சாடை. கோபத்தைத் தூண்ட அங்கே ஒரு வார்த்தை இல்லை, எதிராளியின் மூச்சைக் கவனி என்ற செய்தி மட்டும்தான்.

அபிமன்யுவின் கடைசி நொடி இன்னும் கூர்மை. வில் போய், தேர் போய், வாள் போய், சக்கரமும் போய், கையில் கதையோடு துச்சாதனன் மகனிடம் மோதுகிறான். இருவரும் ஒருவரையொருவர் அடித்து ஒரே நேரத்தில் விழுகிறார்கள். யார் முதலில் எழுகிறார் என்பதுதான் கேள்வி. துச்சாதனன் மகன் எழுகிறான். எழ முயலும் அபிமன்யுவின் தலையில் அடி விழுகிறது. அடியின் வேகத்தோடு அதுவரை பட்ட களைப்பையும் வியாசர் காரணமாகச் சேர்த்தே சொல்கிறார். வீரத்தில் குறைவு இல்லை, கோபத்திலும் குறைவு இல்லை, எழுவதற்கு ஒரு நொடி தாமதம், அவ்வளவுதான். அந்த ஒரு நொடியை மேடையில் காட்ட முடிந்தால் வசனமே தேவைப்படாது.

கம்பனின் "இன்று போய் நாளை வா" இருக்கிறது. அதை இராமனின் கருணை என்று மட்டும் பேசிப் பழகிவிட்டோம். வால்மீகியில் இராமன் இராவணனிடம் வெளிப்படையாகவே சொல்கிறான்: போரில் களைத்திருக்கிறாய், போய் இளைப்பாறிவிட்டு வில்லும் தேருமாக வா. களைத்தவனைக் கொன்றால் வென்றதாகாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. களைப்பால் கிடைக்கும் வெற்றி முழு வெற்றிதானா என்று வாதம் செய்ய விரும்புகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

களைப்பை எழுதுவது எப்படி என்று கேட்டால், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவரை மதிய நேரத்தில் பார்த்துவிட்டு வரச் சொல்வோம். நீளக் கம்பின் நுனியில் அரிவாள், கழுத்து அண்ணாந்தபடி, கை தலைக்கு மேலே. வெட்டுகிற பலம் போவதற்கு முன்பே குறி தவறத் தொடங்கும். காலையில் ஒரே இழுப்பில் விழுந்தது இரண்டு, மூன்று இழுப்பு கேட்கும். ஆள் தள்ளாடுவதில்லை. பார்க்கிறவருக்குக் களைத்ததே தெரியாது, அரிவாளுக்குத் தெரியும்.

சண்டையிலும் அதே வரிசைதான். முதலில், அடித்த ஆயுதம் காப்பு நிலைக்குத் திரும்பத் தாமதமாகும். அடுத்து முனை தாழும், தோள் உயரத்தில் இருந்தது விலாவுக்கு வரும். பிறகு காலடிகள் ஒன்றோடொன்று நெருங்கும், குதிகால் தரையில் ஒட்டும். வாயால் மூச்சு விடுவது அதற்கப்புறம். ஆயுதத்தைத் தரையில் ஊன்றிச் சாய்வது கடைசி. நாடகங்களில் நடக்கும் தப்பு, இந்தக் கடைசிப் படியை எடுத்து முதலில் வைப்பது. இரண்டாவது அடியிலேயே தள்ளாடினால், அவன் களைத்தவனாகத் தெரிய மாட்டான், குடித்தவனாகத் தெரிவான்.

இதற்கும் குறை உண்டு. பொறுமை கேட்கும். குழந்தைகள் முதல் வரிசையில் இருக்கும் திருவிழா மேடையில், முனை நாலு விரல் தாழ்ந்ததைக் கூட்டம் தானாகக் கவனிக்காது. எதிராளி அதைக் கவனிப்பதைக் காட்ட வேண்டும். அவன் கண் ஒரு கணம் அந்த முனைக்குப் போய் வரட்டும்.

ஆயுதம் பாதி முடிவை எடுத்துவிடும்

கதாயுதம் என்றால் கோபம் நன்றாகத் தெரியும், களைப்பும் சீக்கிரம் வரும். மேடைக் கதாயுதம் உள்ளே வெற்று என்பதால் எடையை நடிகரின் முழங்கால்தான் சொல்ல வேண்டும். தூக்கும்முன் முழங்கால் மடங்காவிட்டால் அது பலூன். வாளைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு, ஏதோ பத்துக் கிலோ என்பது போல. ஒற்றைக் கையிலும் இரட்டைக் கையிலும் பிடித்த பழைய போர்வாள்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கிலோ எடைதான். தோள் சோர்வது எடையால் மட்டுமல்ல, நீட்டிய கையை இறக்காமல் வைத்திருப்பதாலும்தான். வில் என்றால் இரண்டாம் வழி. இறுகிய விரலும் படபடக்கும் மார்பும் குறியைக் கெடுக்கும். சிலம்பக் கம்பு மூன்றுக்கும் ஒத்துவரும். ஊரில் பழகிய பிள்ளைகள் இருந்தால் பிரம்புக் கம்பையே எடுங்கள் என்பது எங்கள் கட்சி.

சேர்த்துக் கட்டுவது

ஜயத்ரதனைச் சூரியன் மறைவதற்குள் கொல்வதாகச் சபதம் போட்ட அர்ஜுனனைவிடக் கோபமாக ஒருவன் களத்தில் இருந்திருக்க முடியாது. மகன் அபிமன்யுவை இழந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆனாலும் குருக்ஷேத்திரத்தின் 14ஆம் நாள் நடுப்போரில் தேரை நிறுத்துகிறான். குதிரைகள் களைத்துவிட்டன. கிருஷ்ணன் அவற்றை அவிழ்த்து, உடம்பில் தைத்த அம்புகளைப் பிடுங்கி, தண்ணீர் காட்டுகிறான். அர்ஜுனன் தரையில் நின்றபடி எதிரிகளைத் தடுக்கிறான். நேரத்தோடு போட்டி போடுகிற ஆள் குதிரைக்கு ஓய்வு கொடுக்கிறான். கோபத்தையும் களைப்பையும் ஒரே மனிதனுக்குள் வைத்துக் காட்ட நினைப்பவர்கள் எடுக்க வேண்டிய காட்சி இது. அதே இரவில் ஒரு கட்டத்தில் இரண்டு படைகளும் தூக்கம் தாங்காமல் களத்திலேயே படுத்துவிட்டு, நிலா எழுந்த பிறகு திரும்பச் சண்டை தொடங்குவதும் உண்டு.

இந்த வார்ப்பில் செய்தால் மொத்தச் சண்டைக்கு ஒன்றரை நிமிடம் போதும், மூன்று பிடியாக, அதாவது மூன்று மோதலாக. முதல் பிடி 15 விநாடி, இரண்டு பேரும் தெளிவாக, காலடி சுத்தமாக. இடைவெளியில் சீண்டல், ஒரே ஒரு வரி. இரண்டாம் பிடி 40 விநாடி. கோபம் வந்தவன் இங்கே முன்னேறட்டும். எதிராளி நிஜமாகவே இரண்டு அடி வாங்கட்டும், பின்வாங்கட்டும், கூட்டம் கோபத்தின் பக்கம் சாயட்டும். கடைசி பத்து விநாடியில் கம்பு திரும்புவது தாமதமாகத் தொடங்க வேண்டும். மூன்றாம் பிடி 25 விநாடி. இதில் வேகம் பாதி. மிச்சம் 10 விநாடி இடைவெளிகளுக்கு.

மாஸ்டர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. நடிகர்கள் உண்மையாகக் களைத்த பிறகு களைப்பை நடிக்கச் சொல்வார்கள். உண்மைக் களைப்பில் குறி தவறும், பிரம்பு விரலில் படும். அதனால் மூன்றாம் பிடியில் வரும் அசைவுகள்தான் இருப்பதிலேயே எளிதாக இருக்க வேண்டும்: மேல்வெட்டு ஒன்று, தடுப்பு ஒன்று, விலகல் ஒன்று. கடினமான சுழற்சிகளை முதல் 15 விநாடியிலேயே காட்டி முடித்துவிடுங்கள். ஒத்திகையை அரை வேகத்தில் பழகி, முழு வேகத்தை ஒரு மாலையில் மூன்று தடவைக்கு மேல் ஓட்டாமல் இருந்தால் விரல்கள் பிழைக்கும்.

கோப்பிக்கடை வாதம் மட்டும்தான் என்றாலும் நாலு கேள்வி கேட்டுவிட்டுத் தொடங்கலாம். சண்டை எத்தனை நிமிடம்? கையில் என்ன ஆயுதம்? அன்றைக்கு இது அவனுக்கு எத்தனையாவது சண்டை? கோபம் தானாக வந்ததா, எதிராளி வரவழைத்ததா? மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. கர்ணனா அர்ஜுனனா என்ற தீராத வழக்கில்கூட 17ஆம் நாள் இரண்டு பேரும் அதற்கு முன் யாரோடெல்லாம் மோதிவிட்டு வந்து நிற்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு அஸ்திரப் பட்டியலை மட்டும் வாசிப்பார்கள்.

ஒலிபெருக்கிக்காரரிடமும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். களைத்தவன் கம்பை ஊன்றி நிற்கும் இடத்தில் மேளம் சட்டென்று நிற்க வேண்டும், அவன் சட்டையில் குத்தியிருக்கும் மைக்கைக் கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும். கடைசி வரிசைவரை அவன் மூச்சு கேட்கட்டும்.